காக்கும் கையில் ஒன்றும் இல்லை

அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா இத்தாலிக்காக 78 ஆட்டங்கள் ஆடினார். ஒரு கோல்கூட அடித்ததில்லை. மார்க்கோ மட்டெராஸ்ஸி 41 ஆட்டங்கள் ஆடி இரண்டு கோல் அடித்தார். இரண்டுமே 2006 உலகக் கோப்பையில். அதில் ஒன்று இறுதி ஆட்டத்தில். அந்தக் கோப்பையில் நெஸ்டா காயப்பட்டு வெளியே போனதால்தான் மட்டெராஸ்ஸி உள்ளே வந்தார். எட்டு வருடம் கழித்து, 2014-இல், அதே இருவரும் நம் சென்னையின் எஃப்.சி. அணியில் ஒன்றாக நின்றார்கள். மட்டெராஸ்ஸி அங்கே பயிற்சியாளர், ஆட்டக்காரரும்கூட. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த நெஸ்டா, பழைய தோழருக்காக 38 வயதில் மறுபடி பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார்.

அந்த வருடம் டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை, எனக்குச் செகண்ட் ஷிஃப்ட். கேரளா பிளாஸ்டர்ஸோடு அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் சென்னை நேரு விளையாட்டரங்கில். கொச்சியில் 3-0 என்று தோற்றுத் திரும்பியிருந்த நம் ஆட்கள், இங்கே மூன்று கோல் போட்டுச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 117-ஆவது நிமிடம் ஒன்றை வாங்கி வெளியேறினார்கள். ஷாப்புக்குள் போன் கூடாது என்பதால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் பாகலூர் தாண்டும்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்த மகன் கூப்பிட்டான். "தோத்துட்டோம்ப்பா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நெஸ்டாவப் பாத்துட்டேன்" என்றான்.

அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறான். நெஸ்டா எனக்கு யார் என்று அவனுக்குத் தெரியும்.

நான் பேரிகைக்காரன். கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். இன்னும் கொஞ்சம் போனால் மாலூர். சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாயில் கலந்து வரும். விடியற்காலையில் ரோஜாவும் முட்டைகோஸும் தக்காளியும் வண்டியேறிப் போகும். அதே ரோட்டில் மத்தியானம் கம்பெனி பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓசூர் போகும். சிப்காட்டில் ஒரு சின்ன யூனிட்டில் முப்பது வருடத்துக்கு மேல் பவர் பிரஸ் செட்டராக வேலை பார்த்தேன். வண்டிக் கம்பெனிகளுக்குத் தகட்டுச் சாமான் அடித்துக் கொடுக்கும் இடம். டை மாட்டுவது, ஸ்ட்ரோக் சரி செய்வது, முதல் பீஸ் அடித்துப் பார்ப்பது, கார்டு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பது என் வேலை.

ஐ.டி.ஐ. படித்த காலத்தில் ஸ்டாப்பராக ஆடினேன். கோல் போடுபவனைத் தோளில் தூக்கி மைதானத்தைச் சுற்றுவார்கள். ஸ்டாப்பரைத் தூக்கியதை நான் பார்த்ததே இல்லை. 1998 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்தபோது, 22 வயசுப் பையன் ஒருவன் இத்தாலியின் பின்களத்தில் ஓடாமல் நின்றுகொண்டே ஆடுவதைப் பார்த்தேன். பந்து போகப்போகும் இடத்தில் பந்துக்கு முன்னால் அவன் இருந்தான். அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை.

அவர் ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் கேட்கப்போகும் கேள்வி புரியாது. நல்ல உயரம், ஆனால் உயரத்தை வைத்து மிரட்டுபவர் இல்லை. எதிராளி பந்தோடு வரும்போது பாய மாட்டார். ஒரு பக்கத்துத் தோளைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போவார். வருகிறவனுக்கு ஒரு வழி திறந்திருப்பதுபோலத் தெரியும். அந்த வழியில் போனால் கோடு வந்துவிடும். உள்பக்கம் திரும்பினால் அங்கே அவர் கால் இருக்கும். பாதி நேரம் வருகிறவனே மனசு மாறிப் பந்தைப் பின்னால் தட்டிவிடுவான். டிவியில் விமர்சனம் செய்பவர் அதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். அங்கே ஒன்றும் நடக்கவில்லை அல்லவா!

சறுக்கி எடுக்க வேண்டி வந்தால் அதிலும் அவருக்கு இணையானவர் குறைவு. 2012 மார்ச் 28 அன்று மிலான் நகரில் அவருடைய மிலான் அணி பார்சிலோனாவோடு ஆடிய சாம்பியன்ஸ் லீக் கால் இறுதியை நான் பிறகு மகன் கம்ப்யூட்டரில் பலமுறை பார்த்திருக்கிறேன். மெஸ்ஸி அப்போது உச்சத்தில் இருந்தார். நெஸ்டாவுக்கு 36 முடிந்து ஒன்பது நாள். மெஸ்ஸி பந்தைத் தள்ளிக்கொண்டு வர, நெஸ்டா புல்லோடு புல்லாகச் சறுக்கிப் பந்தை மட்டும் எடுத்தார். அரை நொடி தாமதித்திருந்தால் ஃபவுல், அரை நொடி முந்தியிருந்தால் மெஸ்ஸி தாண்டியிருப்பார். ஆட்டம் 0-0.

ஆறு நாள் கழித்து ஏப்ரல் 3, பார்சிலோனாவில் இரண்டாம் ஆட்டம். 1-1 என்று இருந்தபோது ஒரு கார்னர். நெருக்கடியில் நெஸ்டா புஸ்கெட்ஸின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். பெனால்டி. மெஸ்ஸி போட்டார். கடைசியில் 3-1, மிலான் வெளியே. எத்தனையோ வருடமாக அந்தக் கைகள் சும்மா இருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு சட்டையைப் பிடித்த இரண்டு நொடி மட்டும் பதிவேட்டில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூரில் ஒரு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் நடத்துகிறார். வினை பற்றிய பாடம் நடந்த அன்று நான் எழுந்து கேட்டேன்: "ஐயா, செஞ்ச நல்லதுக்குப் புண்ணியம், செஞ்ச கெட்டதுக்குப் பாவம். சரி. நடக்காமப் போன ஒண்ணுக்குப் புண்ணியம் உண்டா?"

கேள்வி எங்கிருந்து வந்தது என்று அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஷாப்பில் ஒரு பழைய பிரஸ் இருந்தது. கீ கிளட்ச் வகை. பெடலை மிதித்தால் சாவி விழுந்து, கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றி, பஞ்ச் இறங்கி ஏறி, மேலே வந்து நிற்கும். பாதியில் நிறுத்த முடியாது. அந்த வகை மெஷினின் பிறவிக் குறை அது. அதைவிட மோசமான குறை ஒன்று உண்டு. சாவியைப் பிடிக்கும் லாட்ச்சின் ஸ்பிரிங் தேய்ந்துபோனால், மேலே வந்து நிற்க வேண்டியது நிற்காமல், பெடல் மிதிக்காமலே இன்னொரு முறை இறங்கும். ஆப்பரேட்டர் அடித்த பீஸை எடுக்கக் கை விட்டிருப்பான். ஓசூரிலும் சுற்றுப்பட்டிலும் பிரஸ் வேலை பார்த்தவர்கள் கூடும் இடத்தில், டீக்கடையானாலும் கல்யாண வீடானாலும், கைகளைப் பாருங்கள். நான் சொல்வது தெரியும்.

ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அந்த பிரஸ் நிற்கும் சத்தத்தில் ஒரு மாற்றம் கேட்டது. 'டக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் இழுத்து 'ட்டக்' என்றது. அவ்வளவுதான். ஓட்டிக்கொண்டிருந்தவன் புதுப் பையன், சூளகிரிப் பக்கம். "என்னண்ணா?" என்றான். மெயினை அணைத்துப் போர்டைத் தொங்கவிட்டேன். லாட்ச்சைக் கழற்றியபோது ஸ்பிரிங் கைக்குத் தொளதொளவென்று வந்தது. ஸ்டோரில் மாற்று இல்லை. நாலு மணி நேரம் லைன் நின்றது. காலையில் போக வேண்டிய சாமான் போகவில்லை. மறுநாள் எனக்கு மெமோ: அனுமதியில்லாமல் உற்பத்தியை நிறுத்தியது. இன்க்ரிமென்ட்டும் அந்த வருடம் தள்ளிப்போனது.

மெமோ கொடுத்தவரிடம் ஸ்பிரிங்கைக் காட்டினேன். "ஆனா ஒண்ணும் ஆகலையே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார். அவர் கண்டது நாலு மணி நேர நஷ்டம். மறுபக்கத்துத் தட்டில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நிறுத்தாமல் விட்டிருந்து, பையன் கையை இழந்து, நான் ரத்தத்தோடு அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால் ஒருவேளை மாலை போட்டிருப்பார்கள்.

எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நடுகற்களுக்குக் குறைவே இல்லை. ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு மாடுகளை மீட்டு மாண்டவனுக்குக் கல். ஊரைக் காத்து விழுந்தவனுக்குக் கல். கையில் வில்லும் வாளுமாக நிற்கும் அவர்களைப் பல ஊர்களில் வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறோம், பொங்கல் வைக்கிறோம். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கற்களுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் ஒருவன் நினைவுக்கு வருவான். ராத்திரி முழுக்கக் கண்விழித்து மந்தையைச் சுற்றி நடந்து, அவன் விழித்திருப்பதைப் பார்த்தே கள்வர்கள் வேறு ஊருக்குத் திரும்பிப் போனார்களே, அவன். அவனுக்குக் கல் இல்லை. அவன் வயதாகி வீட்டில் செத்தான்.

என் அப்பா அப்படி ஒருவர். கேழ்வரகு கதிர் பிடிக்கும் காலத்தில் பரணில் காவல் படுப்பார். காட்டுப்பன்றி வரும், சில வருடம் யானையும் வந்தது. தகர டப்பாவைத் தட்டுவார், பந்தம் காட்டுவார். பெரும்பாலான ராத்திரிகளில் எதுவுமே வராது. பனியில் நனைந்து, இருமிக்கொண்டு காலையில் இறங்கி வருவார். அம்மா, "வந்துச்சா?" என்று கேட்பாள். "வரல" என்பார். அந்த 'வரல'வில் எத்தனை அவர் காவலால், எத்தனை தானாகவே என்று யார் பிரித்துச் சொல்வது? அறுப்பு முடிந்து மூட்டை வீட்டுக்கு வரும்போது மழைக்கும் மண்ணுக்கும் எருவுக்கும் நன்றி சொல்வோம். இருமலுக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

வகுப்பில் ஆசிரியர் என் கேள்வியை அன்று ஒத்திவைத்தார். அடுத்த ஞாயிறு வந்து, தருக்க நூல்களிலிருந்து தொடங்கினார். உள்ள பொருள்களை ஆறாக வகுத்த வைசேடிகர், பிற்காலத்தில் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: அபாவம், அதாவது இன்மை. குமாரில பட்டரின் வழி வந்த மீமாம்சகர் இன்மையை அறிவதற்கென்றே தனி அளவை ஒன்று உண்டு என்றார்கள். மணிமேகலையில் அளவைவாதி எடுத்துச் சொல்லும் பத்து அளவைகளிலும் அபாவம் இருக்கிறது. பிரபாகரர் வழியினர் மட்டும் மறுத்தார்கள். தரையில் குடம் இல்லை என்கிறாய், உண்மையில் நீ பார்த்தது வெறும் தரையைத்தானே என்பது அவர்கள் கேள்வி. எனக்கு மெமோ கொடுத்தவர் தெரியாமலே பிரபாகரர் கட்சி.

இன்மையில் நாலு வகை சொன்னார். முதல் வகை என்னைப் பிடித்து உலுக்கியது. முன்னின்மை. பானை வனைவதற்கு முன் அந்தப் பானை இல்லை. அந்த இல்லாமைக்குத் தொடக்கம் கிடையாது, எப்போதிலிருந்தோ இல்லாமல்தான் இருக்கிறது. ஆனால் முடிவு உண்டு. பானை உருவாகும் நொடியில் அந்த இன்மை தீர்ந்துபோகும்.

நான் பஸ் ஏறி ஊர் வந்து சேரும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். விபத்து நடக்கும்வரை அந்த விபத்தின் இன்மை தொடக்கமில்லாமல் இருந்துகொண்டிருக்கிறது. பஞ்ச் விரல்மேல் இறங்கும் நொடியில் அது முடிகிறது. செட்டரின் வேலை அந்த முடிவை இன்னும் ஒரு ஷிஃப்ட் தள்ளிப்போடுவது. விழாத கோலும் அப்படித்தான். 2003 மே 28, மான்செஸ்டரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி, மிலானும் யுவென்டஸும். 120 நிமிடம் 0-0. சலிப்பான இறுதி ஆட்டம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் நெஸ்டாவும் மால்தீனியும் அந்த இன்மையை நிமிடம் நிமிடமாகச் சுமந்து கரை சேர்த்தார்கள் என்று எனக்குத் தோன்றும். பெனால்டியில் மிலான் வென்றது. அங்கே நெஸ்டாவும் தன்னுடையதைப் போட்டார்.

ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். எந்த இன்மையும் ஏதோ ஒன்றின் இன்மை. அந்த 'ஒன்று' எது என்று தெரியாதவனுக்கு இன்மை தெரியாது. குடத்தை அறியாதவன் வெறும் தரையைப் பார்த்துக் குடம் இல்லை என்று சொல்ல மாட்டான். அப்படியானால் காவலைப் பார்க்க, வரவிருந்த கேட்டைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஷாப்பில் அந்த 'ட்டக்' சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர். அவர்கள் மட்டும் மறுநாள் டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்றும் பேசவில்லை. ஒருவர் என் டீக்குக் காசு கொடுத்தார்.

லாரி வைத்திருக்கும் ஒருவர் அன்று வகுப்பில் எழுந்தார். "வண்டி முன்னாடி எலுமிச்சம்பழம் கட்டுறேன். இருபது வருஷமா ஆக்சிடென்ட் இல்ல. நடக்காததை வச்சு யார் வேணா பெருமை பேசலாமே ஐயா?" என்றார். நியாயமான கேள்வி. இதைத் தாண்டாமல் என் கட்சி நிற்காது.

நெஸ்டாவை வைத்தே சோதித்துப் பார்த்தேன். அவர் இருக்கும்போதும் இல்லாதபோதும் என்ன ஆனது என்று பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா? அவருக்கு மூன்று உலகக் கோப்பை. மூன்றிலும் முதல் சுற்றிலேயே காயம். 1998-இல் ஆஸ்திரியாவோடு ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் முழங்கால் போனது. 2002-இல் குரோஷியாவோடு 24-ஆவது நிமிடம் வெளியேறினார், மட்டெராஸ்ஸி இறங்கினார், முதலில் கோல் போட்ட இத்தாலி, பிறகு மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு கோல் வாங்கி 2-1 என்று தோற்றது. பார்த்தீர்களா, நெஸ்டா இல்லை, கோட்டை விழுந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் 2006 வருகிறதே! செக் குடியரசோடு 17-ஆவது நிமிடம் நெஸ்டா வெளியே. மட்டெராஸ்ஸி உள்ளே. ஒன்பது நிமிடத்தில் தலையால் முட்டி கோல். இறுதி ஆட்டத்தில் பிரான்சுக்கு எதிராக முதலில் பெனால்டிக்குக் காரணமானவரும் அவரே, 19-ஆவது நிமிடம் சமன் செய்தவரும் அவரே. அந்தக் கோப்பை முழுவதும் இத்தாலி வாங்கியது இரண்டு கோல்தான்: ஒன்று தன் ஆளே தன் வலைக்குள் போட்டது, இன்னொன்று ஜிடானின் பெனால்டி. நெஸ்டா இல்லாமலே கோட்டை நின்றது.

ஆக, விளைவை வைத்துக் காவலை அளக்க முடியாது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரு முறை விழும், ஒரு முறை நிற்கும். இதை ஊழ் என்று சொல்லி முடித்துவிட ஆசைதான். நெஸ்டாவின் மூன்று காயத்தைப் பார்த்தால் யாருக்கும் அந்தச் சொல் நாக்கில் வரும். ஆனால் ஊழ் என்று சொன்னால் லாட்ச்சை யார் கழற்றிப் பார்ப்பது?

எலுமிச்சம்பழத்துக்கும் நெஸ்டாவுக்கும் வித்தியாசம் விளைவில் இல்லை, செயலில் இருக்கிறது. பழம் எதையும் பார்ப்பதில்லை. நெஸ்டா எதிராளியின் இடுப்பைப் பார்க்கிறார், எந்தக் காலில் பாரம் என்று பார்க்கிறார், பக்கத்தில் வேறு யார் ஓடி வருகிறார்கள் என்று பார்க்கிறார், அதற்கு ஏற்பத் தன் காலை வைக்கிறார். தேய்ந்த ஸ்பிரிங் என் கையில் இருந்தது. அப்பா எந்தச் சருகுச் சத்தம் பன்றி, எது காற்று என்று பிரித்துக் கேட்டார். காவல் என்பது இந்தக் கவனம். வந்ததோ வரவில்லையோ, கவனம் செலவாகிவிட்டது. ஆசிரியர் கடைசியில் எனக்குச் சொன்ன விடையும் இதை ஒட்டியதே. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை ஏறுகிறது; நீ எழுந்து போய் அணைத்தாயே, அங்கேயே அது ஏறிவிட்டது, பையன் விரலுக்கு என்ன ஆனது என்று பார்த்துவிட்டு ஏறுவதில்லை என்றார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, சுவரில் மாட்டியிருந்த நடராசர் படத்தின் முன்னால் என்னை நிறுத்தினார். இறைவனின் ஐந்தொழிலை அந்தத் திருமேனியில் காட்டுவார்கள். எங்கள் வகுப்பில் முதல் மாதமே பாடம். துடி ஏந்திய கை படைத்தல். தீ ஏந்திய கை அழித்தல். ஊன்றிய கால் மறைத்தல். தூக்கிய கால் அருளல். "காத்தல் எது?" என்று கேட்டார். அமைந்த கை, அபயக் கை என்றேன். "அதுல என்ன இருக்கு?" என்றார்.

எத்தனையோ கோயிலில் எத்தனையோ முறை பார்த்த கை. ஒன்றும் இல்லை. படைக்கும் கையில் கருவி இருக்கிறது, அழிக்கும் கையில் நெருப்பு இருக்கிறது. காக்கும் கை வெறுங்கையாக, விரல் விரித்து, நம்மைப் பார்த்து நிற்கிறது. எங்கள் ஊர்ப் பெயர் ஒரு முரசின் பெயர். முழங்குவது அதன் தொழில். துடியும் அப்படியே. காக்கும் கைக்குச் சத்தம் கிடையாது. பந்து கையில் படாமல், கால் தவறாமல், வருகிறவனுக்கு முன்னால் கொஞ்சம் விரித்த விரல்களோடு பின்னால் நகரும் நெஸ்டாவை எனக்கு அன்று ஞாபகம் வந்ததில் தப்பு இருப்பதாக நினைக்கவில்லை. ஆசிரியருக்குச் சொன்னேன். அவர் நெஸ்டாவை அறியமாட்டார். ஆனால் முழுக்கக் கேட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பெரியவர்களோடு சண்டை உண்டு. மெமோ வாங்கிய நாளில் ஆறுதல் சொன்னவர்கள் பலரும் கீதையைச் சொன்னார்கள். கடமையைச் செய், பலனை எதிர்பாராதே. நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் அந்த மெயினை அணைத்திருக்க மாட்டேன். ஆனால் அந்த உபதேசம் செய்கிறவனுக்குச் சொன்னது. செய்தவனுக்குத் தர வேண்டியதைத் தராமல் இருக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு அல்ல. ராத்திரிக் காவலாளிக்கு, நர்சம்மாவுக்கு, கேட் கீப்பருக்கு, சாக்கடை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு எல்லாம் நாம் கீதையைச் சொல்லிவிட்டுச் சம்பளத்தைக் குறைக்கிறோம். கோல் போடுபவரிடம் பலனை எதிர்பாராதே என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 2006-ஆம் ஆண்டின் பலோன் தோர் விருது, நெஸ்டாவின் ஜோடியாகப் பின்களத்தில் நின்ற கன்னவாரோவுக்குக் கிடைத்தது. அந்தக் கோப்பையின் ஒரு நிமிடம்கூட விடாமல் ஆடியவர் அவர். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று, எனக்கே ஏதோ கிடைத்ததுபோல வீட்டுக்குக் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனேன்.

மட்டெராஸ்ஸியைப் பற்றி ஒரு வார்த்தை. அவரைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காத்திருந்து, கூப்பிட்ட நொடியில் எழுந்து வந்தவர் அவர். தன் இடத்தில் இறங்கித் தனக்குக் கிடைக்க வேண்டிய இறுதி ஆட்டத்தை ஆடியவரோடு, எட்டு வருடம் கழித்து ஒரே ஓய்வறையில், முன்பின் தெரியாத சென்னையில், நெஸ்டா சேர்ந்து உட்கார்ந்தார். மகன் அன்று பார்த்துவிட்டேன் என்று சொன்னது அந்த மனுஷனை. அடுத்த வருடம், 2015 டிசம்பர் 20 அன்று கோவாவில், மட்டெராஸ்ஸி பயிற்சி கொடுத்த சென்னை அணி 3-2 என்று கோப்பையை வென்றது. நெஸ்டா அப்போது இங்கே இல்லை.

என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை: உண்டு. அப்பா பரணில் கழித்த ராத்திரிகள் எல்லாம் கணக்கில் இருக்கின்றன, பன்றி வராத ராத்திரிகளும் சேர்த்து. அதை அவர் உயிரோடு இருக்கும்போது நான் ஒரு தரமாவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது விழித்திருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.

அந்த சூளகிரிப் பையன் சீக்கிரமே வேலையை விட்டுவிட்டு ரோஜாத் தோட்டத்துக்குப் போனான். சந்தையில் எப்போதாவது பார்ப்பேன், பூக்கட்டை நாரால் வேகமாகச் சுற்றிக்கொண்டிருப்பான். அன்று ராத்திரி மெஷின் ஏன் நின்றது என்று அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்த பிரஸ்ஸை 2019-இல் கழித்து எடைக்குப் போட்டார்கள். இருபத்தாறு வருடம் ஓடியது. அதில் யாருடைய விரலும் போகவில்லை.